காற்றுப் புகாத டெண்ட்

டெண்டுக்குள் ஒரு மனிதர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். வெளியே கத்தியோடு நின்றவரைப் பார்த்து, "அறுக்காதீங்க, அது கவர்மெண்ட் சொத்து" என்று சொன்னவன் நான். என் சர்வீஸில் நான் சொன்ன வாக்கியங்களில் விதிமுறைப்படி மிகச் சரியானது அதுதான்.

இப்போது லீவு நாளில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மேகமலைக்குப் போகும் இளைஞர்கள் அதிகம். துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னிடம் கேட்டார்கள்: "சார், நீங்க அந்தக் காலத்துல மாசக்கணக்குல கேம்ப் போட்டவரு. டார்ப் எடுத்துட்டுப் போகவா, டெண்ட் எடுத்துட்டுப் போகவா?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சுருக்கமாக நான் எழுதிய உத்தரவு ஒன்று என்ன செய்தது என்பதைப் பார்த்தவன் என்பதால், விரிவாகவே எழுதித் தருகிறேன்.

1. இண்டெண்ட்

எழுபதுகளின் தொடக்கம். மேகமலையில் ஒரு சின்ன அணைக்கு இடம் பார்த்து மேப் போடும் சர்வே பார்ட்டியில் நான் கேம்ப் கிளார்க். கேம்ப் கிளார்க் மலையை அளப்பவன் அல்ல. மலையை அளப்பவர்களுக்கு என்னென்ன சாமான் கொடுத்தோம், அவற்றில் எவை எந்த நிலையில் திரும்பி வந்தன என்று எழுதி வைப்பவன். எனக்கு வயது இருபத்தெட்டு. பி.ஏ. முடித்திருந்தேன். கேம்ப் சாமான் விதிகளை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன். கூரையில்லாத இடத்தில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை.

விதி தெளிவாக இருந்தது. இன்ஜினியர், டிராப்ட்ஸ்மேன், கிளார்க் ஆகியோருக்கு டெண்ட். அளக்கும் செயின் இழுத்து, கொடி பிடித்து, சுமை தூக்கும் கலாசிகளுக்குத் தார்ப்பாய், அதாவது உங்கள் டார்ப். மழையும் காற்றும் இந்தப் பதவி வரிசையைத் தெரிந்துதான் அடிக்கும் என்று விதி எழுதியவர் நினைத்திருக்க வேண்டும்.

தேனியில் இருந்த ஸ்டோருக்குக் கிளம்பியபோது என்னோடு கலாசிகளின் தலைவரான மேட் இஸ்மாயில் ராவுத்தரும் வந்தார். உத்தமபாளையத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்களிடம் சேருவதற்கு முன் கம்பத்தில் லாரிகளுக்கு லோடு ஏற்றிப் படுதா கட்டிக்கொண்டிருந்தவர். நாங்கள் தார்ப்பாய் என்று எழுதுவதை அவர் படுதா என்பார்.

ஸ்டோர் கீப்பர், சாமான் கேட்டு நான் எழுதியிருந்த இண்டெண்டைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தார்ப்பாய் எத்தன வேணும்னாலும் அள்ளிட்டுப் போங்க. டெண்ட் ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு. அது லோயர் கேம்ப்ல இருக்கிற இன்னொரு சர்வே பார்ட்டிக்குனு வச்சிருக்கேன்."

"அவுங்க இண்டெண்ட் வந்துருச்சா?"

"இன்னும் வரல. சொல்லி விட்டுருக்காக."

"வாயால சொன்னது இண்டெண்ட் ஆகாது. என்னோடது கையெழுத்தோட மேசையில இருக்கு."

அவர் சாவியை எடுத்தார். பச்சை நிற கேன்வாஸ் டெண்ட், சுற்றிலும் பக்கத்துணி, வாசலில் கயிறு கோத்துக் கட்டும் வசதி, உச்சியில் இரண்டு பக்கமும் கைக்குட்டை அளவில் வெண்டிலேட்டர். வண்டியில் ஏற்றும்போது ராவுத்தர் கேட்டார்.

"கிளார்க் சார், டெண்டு தேவைப்படுதுன்னு கேட்டீகளா, இண்டெண்டுல எழுதிட்டம்னு கேட்டீகளா?"

"நமக்கு உரிமை இருக்கு ராவுத்தரே. அதனால கேட்டேன்."

"அதுவும் சரிதான். இண்டெண்டுக்குள்ளயே டெண்டு இருக்குல்ல" என்றார் அவர். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் சொல்வதுதான் கிண்டல் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

2. சமதளம்

சின்னமனூரிலிருந்து ஜீப்பிலும் எஸ்டேட் லாரியிலுமாக மேலே போய்ச் சேர்ந்தோம். ஏலத்தோட்டம் ஒன்றின் ஓரத்தில் கேம்ப். விதிப்படி டெண்டுக்கு மரங்களற்ற சமதளம் தேவை. அப்படி ஒரு இடம் கண்ணுக்கெதிரே இருந்தது. நான் அங்கே ஆப்பு அடிக்கச் சொன்னேன்.

"இங்கன வேணாம் சார்" என்றார் ராவுத்தர். "இது தரை இல்ல, தட்டு. பேயிற தண்ணி பூராம் இங்கனதான் வந்து உக்காரும்."

"சமதளம்னு ரூல்ல இருக்கு."

"ரூலு எழுதுனவுக எந்த மலையில படுத்தாகளோ."

அவர் கலாசிகளுக்கான தார்ப்பாயைக் கொஞ்சம் சரிவான இடத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினார். காற்று வரும் பக்கம் தாழ்த்தி, தரையோடு சேர்த்துக் கல் வைத்தார். எதிர்ப்பக்கம் ஆள் உயரத்துக்குத் தூக்கி விட்டார். மற்ற இரண்டு பக்கமும் திறந்தே கிடந்தன. பக்கத்தையும் மூடினால் என்ன என்று கேட்டேன்.

"லோடு மூச்சு விடணும் சார். கத்திரிக்காய ஏத்தி இறுக்கிப் பொத்தினம்னா மதுரை போறதுக்குள்ள வெந்து போயிரும். மேல நனையக் கூடாது, உள்ள புழுங்கக் கூடாது. படுதா கட்டுறதுன்னா அம்புட்டுத்தான்."

நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டேன். கத்திரிக்காய் பற்றிய செய்தி என்று.

மறுநாளே மழை வந்தது. என் சமதளம் குளமானது. எங்கள் ஜூனியர் இன்ஜினியர் ஜே.இ.யின் டிரங்குப் பெட்டி டெண்டுக்குள் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ராவுத்தர் மண்வெட்டி எடுத்து வந்து சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

3. புகையில்லாத தீ

எங்கள் டிராப்ட்ஸ்மேன் பெயர் சாமுவேல். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் டிராயிங் படித்து வேலைக்கு வந்தவர். வயது இருபத்துநாலு. கலாசிகளுக்கு அவர் 'மேப்பு சார்'. பகலில் எடுத்த அளவுகளை ஷீட்டில் ஏற்றி, மை போட்டு முடிப்பது அவர் வேலை. கையில் நடுக்கம் என்பதே கிடையாது. ஒரு கோடு இழுத்து முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடித்த பிறகுதான் விடுவார்.

ஆனி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. வலுத்த மழை இல்லை. மேகமே தரையில் இறங்கி நடமாடுவது போல நாள் முழுவதும் ஈரம். துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை. எல்லாவற்றையும் விட மோசம், ஷீட் ஈரம் குடித்தது. ஷீட் ஈரத்தில் நீண்டால் ஸ்கேல் தப்பும். ஸ்கேல் தப்பினால் அணை வேறு இடத்துக்குப் போகும். மையும் ஊறிப் பரவியது. ஒரு நாள் வெண்டிலேட்டர் வழியாக விழுந்த ஒரு சொட்டு, மூன்று நாள் வேலையை நீலக் குட்டையாக்கியது. சாமுவேல் அதைப் பார்த்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் நடவடிக்கை எடுத்தேன். ஊசியும் சணலும் கொடுத்து இரண்டு வெண்டிலேட்டர்களையும் தைக்கச் சொன்னேன். பக்கத்துணிகளின் அடியில் மண் அணைக்கச் சொன்னேன். பனி நுழைய ஒரு விரல் இடம்கூட இல்லை.

அந்த வாரம்தான் எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்தேன். பச்சைக் காயைக் காய வைக்கும் அறை அது. கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. தட்டு தட்டாகப் பரப்பிய காய், நிறம் மாறாமல் காய்ந்துகொண்டிருந்தது. வெளியே அத்தனை சாரல், உள்ளே சொட்டு ஈரமில்லை. நான் அசந்துபோனேன். எஸ்டேட் மேஸ்திரி கதவைச் சாத்தச் சொல்லி அவசரப்படுத்தினார். அறைக்குள் சுவரோரமாக ஓடிய பெரிய இரும்புக் குழாயைப் பார்த்தேன். அது எங்கே போகிறது என்று கேட்கவில்லை. ஒன்றைப் பாதி பார்த்துவிட்டு முழுக்கப் புரிந்துகொள்வது படித்தவர்களுக்கு வரும் வியாதி.

கேம்புக்குத் திரும்பியதும் சாமுவேலிடம் சொன்னேன்: "ஏலக்காய காய வைக்கிறாங்கல்ல, அதே மாதிரி ஷீட்டையும் காய வைப்போம். டெண்ட நல்லா மூடி, உள்ள ஒரு அடுப்பு."

"புகை பிடிச்சு ஷீட் மஞ்சளாயிரும் சார்" என்றார் அவர்.

அது நியாயமான ஆட்சேபம். தார்ப்பாயின் கீழ் கலாசிகள் ஈர விறகை எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையில் எல்லோருக்கும் கண் சிவந்து கிடந்தது. சாப்பிடப் போகும்போதெல்லாம் சாமுவேல் இருமிக்கொண்டே வம்புக்கு இழுப்பார்.

"ராவுத்தரே, உங்க படுதாவுக்குக் கீழ ஒரு மாசம் உக்காந்தா நாங்க கருவாடு ஆயிருவோம்."

"கருவாடு கெட்டுப் போகாது மேப்பு சார்" என்பார் ராவுத்தர்.

புகைக்கு நான் கண்டுபிடித்த தீர்வு கரி. எஸ்டேட்டில் நல்ல கரி கிடைத்தது. வெளியே பற்றவைத்து, கனிந்த பிறகு குமுட்டி அடுப்போடு உள்ளே கொண்டுபோய் வைத்தோம். புகையே இல்லை. வாசம்கூட இல்லை. அரை மணி நேரத்தில் ஷீட் சரசரவென்று ஆனது. சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க இன்ஜினியரா வந்திருக்கணும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உடனே ஒரு உத்தரவு எழுதி டெண்ட் வாசலில் குத்தினேன். ஷீட் வேலை நடக்கும்போது வாசலை உள்ளிருந்து கயிறு கோத்துக் கட்ட வேண்டும். டிராப்ட்ஸ்மேன் தவிர யாரும் உள்ளே இருக்கக் கூடாது. வேலை முடியும் வரை வாசலை அவிழ்க்கக் கூடாது. மாலையில் ஷீட்களைத் தகரக் குழாயில் போட்டதும் அடுப்பு வெளியே போய்விட வேண்டும். இந்த முறையை விளக்கி ஒரு பக்கக் குறிப்பும் எழுதினேன். 'ஈரமான மலைப் பகுதிகளில் ஷீட் உலர்த்தும் முறை' என்று தலைப்பு. தேனிக்கு மீட்டிங்குக்குக் கிளம்பிய ஜே.இ. அதைப் படித்துப் பாராட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

என் உத்தரவுப்படி நானும் டெண்டை விட்டு வெளியேறி, ரெஜிஸ்டர்களோடு தார்ப்பாயின் கீழ் புகையில் வந்து உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிறேன்.

இரண்டு நாளில் சாமுவேல் தலைவலி என்றார். தலை கனக்கிறது, வாந்தி வருவது போல இருக்கிறது என்றார். மருந்துப் பெட்டியிலிருந்து மாத்திரை கொடுத்து, ரெஜிஸ்டரில் பதிந்தேன். மத்தியானம் சாப்பிட வெளியே வந்து அரை மணி நேரம் ஆனதும் தலைவலி போய்விட்டது. மறுபடி டெண்டுக்குள் போனால் வந்துவிட்டது.

"வேலைய கண்டா வலிக்குது, சோத்த கண்டா விட்டுருது. இந்தத் தலைவலி எங்க ஆபீசுலயே நெறய பேருக்கு உண்டு" என்றேன் நான். கலாசிகள் சிரித்தார்கள். சாமுவேலும் சிரித்தார். ராவுத்தர் மட்டும் டெண்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், அந்த டெண்டு ரெம்ப இறுக்கமா இருக்கு. மேல ஒரு தையல மட்டும் பிரிச்சு விடவா?"

"ஷீட் மேல சொட்டும் ராவுத்தரே. அப்பறம் அவரு சாப்பிட மாட்டாரு."

அவருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. கத்திரிக்காய் கதையை ஒரு பி.ஏ.விடம் இரண்டாவது தடவை சொல்ல அவர் கூச்சப்பட்டிருக்கலாம்.

4. மூன்று மணி

அடுத்த நாள் மத்தியானம் சாமுவேல் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய் வாசலைக் கட்டிக்கொண்டார். கடைசி ஷீட். சனிக்கிழமை ஜீப்பில் அனுப்பியாக வேண்டும். மூன்று மணிக்கு ராவுத்தர் கட்டஞ்சாயா போட்டு, ஒரு டம்ளரை டெண்ட் வாசலுக்குக் கொண்டுபோனார். மலையில் எல்லோரும் பால் சேர்க்காத டீயை அப்படித்தான் சொல்வார்கள்.

"மேப்பு சார், சாயா."

பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார், உள்ள சத்தத்தையே காணம்."

"மை போட்டுட்டு இருப்பாரு. கோடு இழுக்கும்போது மூச்சே விட மாட்டாரு, தெரியாதா? தொந்தரவு பண்ணாதீங்க."

"ஒரு கோடு எம்புட்டு நேரம் சார் இழுப்பாக?"

நான் வாசலில் குத்தியிருந்த உத்தரவைக் காட்டினேன். ஆமாம், கையை நீட்டிக் காட்டினேன். அவர் அந்த டம்ளரைப் பிடித்தபடி நின்றார். டீயிலிருந்து ஆவி வருவது நிற்கும் வரை நின்றார். பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் சாமான் ரெஜிஸ்டரில் ஒரு பக்கம் கூட்டி முடித்தேன்.

பிறகு அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசல் கயிற்றை இழுத்தார். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும். முடிச்சு உள்பக்கம் இருந்தது. பக்கத்துணியின் அடியில் கையைவிட்டுப் பார்த்தார். என் உத்தரவுப்படி அணைத்த மண் கெட்டிப்பட்டுக் கிடந்தது. நான் எழுந்து போவதற்குள் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துவிட்டார். படுதாக் கயிறு அறுக்கும் கத்தி.

"அறுக்காதீங்க, அது கவர்மெண்ட் சொத்து" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. தெரியாத ஊரில் தெரியாத பாஷை பேசும் ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"உள்ள இருக்கிறவுக யாரு சொத்து சார்?" என்று கேட்டுவிட்டு, உச்சியில் கத்தியைக் குத்தித் தரைவரை ஒரே இழுப்பாக இழுத்தார்.

உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. அதில் எந்த வாசமும் இல்லை. சாமுவேல் டிராயிங் பலகையின் மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தார். தூங்குவது போலத்தான் இருந்தது. நோயாளியின் முகமே இல்லை அது. வெற்றிலை போட்டது போல உதடு சிவந்திருந்தது. சாமுவேல் வெற்றிலை போடுபவர் இல்லை.

"ஏலே, காலப் பிடிங்கடா" என்று ராவுத்தர் கலாசிகளை அழைத்தார். தூக்கிக்கொண்டு போய், மூன்று பக்கமும் திறந்திருந்த தார்ப்பாயின் கீழ் போட்டார்கள். அதுவும் போதாதென்று ராவுத்தர் காற்று வரும் பக்கத்துக் கயிற்றையும் அறுத்துத் தூக்கிவிட்டார். சாரல் நேராகச் சாமுவேலின் முகத்தில் அடித்தது. ஒருவன் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நான் என்ன செய்தேன் என்றால், மருந்துப் பெட்டியைத் திறந்து, எந்த மருந்தும் பொருந்தாமல், மூடினேன். மறுபடி திறந்தேன்.

நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏறும், இறங்கும், பிறகு நின்றுவிட்டது போலத் தோன்றும். ராவுத்தர் அவர் கன்னத்தைத் தட்டி, "மேப்பு சார், சாயா ஆறுது, எந்திரிங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைக்கும் எனக்கு அது மட்டும் தெரியாது. பிறகு சாமுவேல் ஒரு பக்கமாகத் திரும்பி வாந்தி எடுத்தார். அதைப் பார்த்து நாங்கள் அடைந்த சந்தோஷத்தை இன்று யாரிடம் சொன்னாலும் புரியாது.

எஸ்டேட் கம்பவுண்டர் ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தார். குமுட்டியைப் பார்த்தார், தைத்திருந்த வெண்டிலேட்டரைப் பார்த்தார்.

"யாரு வச்சது?"

"நான்தான். ஏலக்காய் ஸ்டோரப் பாத்து வச்சேன்."

"அங்க அடுப்பு எங்க இருக்குனு பாத்தீங்களா?"

சுவரோரமாக ஓடிய அந்த இரும்புக் குழாய் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அறைக்கு வெளிய இருக்கு. சூடு மட்டும் குழாய் வழியா உள்ள போகும். புகை வந்தா மனுசன் ஓடிருவான் சார். கரியில வர்ற வாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, உதட்ட மட்டும் சிவக்க வைக்கும். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா நீங்க வேற ஆள வரச் சொல்லியிருக்கணும்."

அதற்கு முன்னால் பத்து நிமிடத்தை நான் தின்றிருந்தேன்.

சாமுவேலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, பலகையில் இருந்த ஷீட்டைப் பார்த்தேன். மலைச்சரிவைக் காட்டும் கோடு ஒன்று வழக்கம்போலச் சுத்தமாக வளைந்து வந்து, ஓர் இடத்தில் வழி தவறி, மேட்டையும் பள்ளத்தையும் குறுக்கே கடந்து, ஷீட்டின் ஓரம்வரை நேராகப் போய் நின்றிருந்தது.

5. காற்றுதான் கிழித்தது

மறுநாள் ஜே.இ. தேனியிலிருந்து வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே உற்சாகமாகச் சொன்னார்: "உங்க மெத்தட் மேலிடத்துக்கு ரெம்பப் பிடிச்சுப் போச்சு. எல்லா கேம்புக்கும் சர்குலர் போட்டுட்டாங்க. லோயர் கேம்புக்கும் போயிருச்சு."

அதுவரை என் பயம் ஒரு மனிதரைப் பற்றியது. அந்த நிமிடம் அது எத்தனை பேர் என்று எண்ண முடியாததாக ஆனது.

கிழிந்த டெண்டைப் பார்த்து ஜே.இ. விசாரித்தார். எல்லாம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். மெதுவாகச் சொன்னார்: "சாமுவேல் பொழச்சுக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில காய்ச்சல்னு போட்டுக்கலாம். டெண்ட் காத்துல கிழிஞ்சதுன்னு எழுதிருங்க. ராவுத்தருக்கும் பிரச்சன இல்ல, உங்களுக்கும் இல்ல."

அது வெறும் பேச்சு அல்ல. சேதப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. இயற்கை என்று எழுதினால் கோப்பு முடிந்தது. கவனக்குறைவு என்று எழுதினால் அடுத்த கட்டத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும். கத்தி யாருடையது என்று பார்த்தால் ராவுத்தரின் பெயர். மேட் வேலை போய்விடும்.

ராவுத்தரும் ஒத்துக்கொண்டார். "காத்துதான் சார் கிழிச்சது. வெளிய இருந்த காத்து உள்ள போகணும்னு நெனச்சுச்சு. கிழிச்சுப் போட்டுச்சு."

காற்று என்று எழுதினால் என் குறிப்பில் தவறு இல்லை. என் குறிப்பில் தவறு இல்லையென்றால் சர்குலர் அமலில் இருக்கும். அது அமலில் இருந்தால் ஏதோ ஒரு மலையில் ஏதோ ஒரு டிராப்ட்ஸ்மேன் இன்றைக்கும் வாசலை உள்ளிருந்து கட்டிக்கொள்வான். ஒரு சர்குலரை ரத்து செய்யக் காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் எதுவும் ரத்தாகாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விதி.

நான் படிவத்தை எடுத்தேன். காரணம்: கவனக்குறைவு. பெயர்: என் பெயர். விவரம்: வெண்டிலேட்டரை மூடச் செய்ததும், மூடிய டெண்டுக்குள் கரி அடுப்பு வைக்க உத்தரவிட்டதும் நானே. உயிரைக் காப்பாற்ற மேட் இஸ்மாயில் என் தடையை மீறி டெண்டை அறுத்தார். 'என் தடையை மீறி' என்பதை ஜே.இ. அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை. அந்த மூன்று சொற்கள் இல்லாவிட்டால் அறுத்ததற்கு அவரைத்தான் கேட்பார்கள்.

அதே ஜீப்பில் சின்னமனூருக்கு இறங்கி, தேனிக்கும் எல்லா கேம்புகளுக்கும் தந்தி அடித்தேன். கரி அடுப்பை நிறுத்துக, உயிராபத்து. தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, லோயர் கேம்ப் பார்ட்டியில் எத்தனை பேர் என்று எண்ணினேன். டிராப்ட்ஸ்மேன், ஜே.இ., கிளார்க். மூவரில் இருவர் எனக்குப் பழக்கமானவர்கள். சர்குலர் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

6. லோயர் கேம்பிலிருந்து ஒரு புகார்

ஐந்து நாள் பதில் இல்லை. சாமுவேல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். கை நடுக்கம் இருந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்றார் கம்பவுண்டர். சரியாவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை அவர் பேனாவைத் தொடாமல் அளவு மட்டும் குறித்தார். நான் எதிரில் வந்தால் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொள்வார். என்னைக் குற்றம் சொல்லக் கூடாது என்பதற்காக.

அறுபட்ட டெண்டை மறுபடி டெண்டாக்க முடியவில்லை. ராவுத்தர் பக்கத்துணிகளைப் பிரித்துவிட்டு, மேல்துணியை ஒரே விரிப்பாக்கி, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு தார்ப்பாயாகச் சரிவில் கட்டினார். அடுப்பு வெளியே. மீதிக் காலம் முழுவதும் நாங்கள் எல்லோரும் பதவி வித்தியாசம் இல்லாமல் அதன் கீழ் இருமினோம்.

ஆறாம் நாள் லோயர் கேம்பிலிருந்து கடிதம் வந்தது. என் தந்திக்கு முன்பே எழுதி, தபாலில் தாமதமான கடிதம். அந்த கேம்பின் கிளார்க் விதி எண்களோடு கோபமாக எழுதியிருந்தார்:

'சர்குலரில் கண்டபடி கரி அடுப்பு மூன்று நாள் வைத்துப் பார்க்கப்பட்டது. சிறிதும் பயனில்லை. எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த டெண்டைத் தங்கள் பார்ட்டி எடுத்துச் சென்றுவிட்டதால், டெக்னிக்கல் ஸ்டாஃப் மூவரும் தார்ப்பாயின் கீழ் பணியாற்ற வேண்டிய அவலநிலை உள்ளது. நான்கு பக்கமும் காற்று புகுவதால் சூடு நிற்பதில்லை. எனவே முறையைச் செயல்படுத்த உடனடியாக டெண்ட் ஒன்று வழங்க வேண்டும்.'

நான் அதை மூன்று தடவை படித்தேன். பிறகு ராவுத்தரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க டெண்டப் பறிச்சிட்டு வந்தது நல்லதாப் போச்சு சார்" என்றார். வழக்கம்போலச் சிரிக்கவில்லை. என்னால் அதைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ள முடியவில்லை, கிண்டலாகவும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

என் சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஒரு கண்டனம் ஏறியது. சர்குலர் ரத்தானது. ராவுத்தரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே பிள்ளைகளே, டார்ப்பா, டெண்டா என்று கேட்டீர்கள். உங்கள் டெண்ட் நைலான், எடை குறைவு, இழுத்தால் மூடும். எங்களுடையதைவிட நன்றாகவே மூடும். அட்டைக்கடிக்கும் குளிருக்கும் நல்லதுதான், எடுத்துப் போங்கள். ஆனால் டெண்டின் ஜன்னலைத் தைத்து மூடியவன் ஒருவன் இருந்தான் என்பதை நினைவில் வையுங்கள். அடுப்போ கரியோ எரிகிற எதுவும் உள்ளே வரக் கூடாது, புகை வராவிட்டாலும் வரக் கூடாது. புகை வராவிட்டால் இன்னும் வரக் கூடாது. கூட இருப்பவர் தலைவலி என்றால் ஜோக் அடிக்காமல் வெளியே இழுத்துப் போடுங்கள். பையில் ஒரு கத்தி இருக்கட்டும்.

லோயர் கேம்ப் கிளார்க்குக்கு நான் அனுப்பிய பதிலின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு இண்டெண்டை மறுத்து நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான்:

'டெண்ட் இருப்பில் இல்லை. இனி வாங்கவும் உத்தேசம் இல்லை. தங்கள் மூவரின் அவலநிலை அப்படியே தொடர அன்புடன் அனுமதிக்கப்படுகிறது.'